மாசசூசெட்ஸில் வீட்டுமனை விதிகளும் மாநில ஊக்கத்தொகையும்: புதிதாகக் குடியேறியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஏதேனும் ஒரு சிற்றூரில் வீடு வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ குடியேறியவர், சில மாதங்களுக்குள் ஊரின் இணையதளத்தில் ஓர் அறிவிப்பைப் பார்க்க நேரும். ரயில் நிலையத்தை ஒட்டிய சில ஏக்கர் நிலத்திற்கு "40ஆர்" என்ற சட்டத்தின்கீழ்ப் புதிய மண்டலம் வரைவதற்குப் ஊரின் நிலத்திட்ட வாரியமான பிளானிங் போர்டு பொதுவிசாரணை நடத்துகிறது என்று அதில் இருக்கும். அடுத்த வாரமே, "நம் பள்ளிகளைக் காப்பாற்றுங்கள்" என்ற அட்டைகள் சில வீடுகளின் முற்றத்திலும், "அனைவருக்கும் வீடு" என்ற அட்டைகள் வேறு சில வீடுகளின் முற்றத்திலும் முளைக்கும். இந்தச் சண்டை எதைப் பற்றியது, மாநிலம் ஏன் ஊர்களுக்குப் பணம் கொடுக்கிறது, அந்தப் பணம் உண்மையில் எவ்வளவு, வாக்குரிமை இல்லாத நாம் இதில் என்ன செய்ய முடியும் என்பவற்றை ஒவ்வொரு படியாக இக்கட்டுரை விளக்குகிறது.

முதற்படி: உங்கள் ஊரில் தீர்மானிப்பவர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்கு முதலில் பிடிபடாத விஷயம் இதுதான். அங்கே எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்பதை சிஎம்டிஏ, டிடிசிபி போன்ற மாநில அமைப்புகள் பெரும்பாலும் முடிவு செய்கின்றன. மாசசூசெட்ஸில் 351 நகரங்களும் ஊர்களும் உள்ளன. ஒவ்வொன்றும் தன் நிலத்துக்கான விதிகளைத் தானே எழுதிக்கொள்கிறது. நகரமாக இருந்தால் நகர மன்றம் வாக்களிக்கும். "டவுன்" என்ற வகையாக இருந்தால் டவுன் மீட்டிங் எனப்படும் ஊர்க்கூட்டம்தான் சட்டம் இயற்றும் அவை.

ஊர்க்கூட்டத்திலும் இரண்டு வகை உண்டு. ஆக்டன், வெஸ்ட்ஃபோர்டு போன்ற ஊர்களில் பதிவு செய்த வாக்காளர் எவரும் நேரே சென்று கையுயர்த்தலாம். லெக்சிங்டன், ஷ்ரூஸ்பரி போன்ற ஊர்களில் வட்டாரவாரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் மட்டுமே வாக்களிப்பார்கள். உங்கள் ஊர் எந்த வகை என்பதை டவுன் கிளார்க் அலுவலகத்தின் பக்கத்தில் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். முதல் வகையென்றால் நீங்கள் பேசவேண்டியது அண்டைவீட்டாரிடம். இரண்டாம் வகையென்றால் உங்கள் வட்டாரத்து உறுப்பினர்களிடம். அவர்களுடைய மின்னஞ்சல் முகவரிகளைப் பல ஊர்கள் வெளிப்படையாகவே வைத்திருக்கின்றன.

இரண்டாம் படி: உங்கள் தெருவின் விதியைப் படியுங்கள்

ஜோனிங் பைலா என்பது ஊரின் நிலத்தைக் குடியிருப்பு, வணிகம், தொழில் என மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொரு மண்டலத்திலும் மனையின் குறைந்தபட்சப் பரப்பு, கட்டடத்தின் உயரம், எல்லையிலிருந்து விடவேண்டிய இடைவெளி, கார் நிறுத்தும் இடங்களின் எண்ணிக்கை ஆகியவற்றைச் சொல்லும் ஆவணம். அது நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்டதாக இருக்கலாம். முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. பயன்பாட்டு அட்டவணை, அளவுகளின் அட்டவணை, வரைபடம் ஆகிய மூன்றும் போதும்.

பயன்பாட்டு அட்டவணையில் ஒவ்வொரு வகைக் கட்டடத்துக்கும் எதிரே மூன்றில் ஒரு குறிப்பு இருக்கும்: உரிமைப்படி கட்டலாம், சிறப்பு அனுமதி பெற்றுக் கட்டலாம், கட்டக் கூடாது. உரிமைப்படி என்றால், விதிகளுக்கு உட்பட்ட வரைபடத்தைக் கொடுத்தவருக்கு அனுமதி மறுக்க ஊருக்கு விருப்பதிகாரம் இல்லை. சிறப்பு அனுமதி என்றால், போர்டு தன் விருப்பப்படி மறுக்கலாம், காலம் கடத்தலாம், நிபந்தனை மேல் நிபந்தனை விதிக்கலாம். பாஸ்டனைச் சுற்றியுள்ள பல ஊர்களில் நிலத்தின் மிகப் பெரும் பகுதி தனிவீடுகளுக்கு மட்டுமே என்று ஒதுக்கப்பட்டிருப்பதையும், சிலவற்றில் ஒரு வீட்டுக்குக் குறைந்தது ஓர் ஏக்கர், அதாவது நம் கணக்கில் நூறு சென்ட், வேண்டும் என்று எழுதப்பட்டிருப்பதையும் இந்த அட்டவணைகளில் நீங்களே காண்பீர்கள். நிலத்தின் விலையை அந்த நூறு சென்ட்டோடு பெருக்கிப் பார்த்தால், இங்கே சிறிய வீடு ஏன் கிடைப்பதில்லை என்பது புரிந்துவிடும்.

மூன்றாம் படி: மூன்று சட்டங்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்

கூட்டங்களில் 40பி, 40ஆர், 3ஏ ஆகிய மூன்றும் ஒரே மூச்சில் பேசப்படும். நெடுநாள் குடியிருப்பவர்களே இவற்றைக் கலந்துவிடுகிறார்கள். ஆனால் இவை மூன்றும் மூன்று விதமாக வேலை செய்பவை.

40பி என்பது 1969ஆம் ஆண்டுச் சட்டம். ஓர் ஊரின் நிரந்தரக் குடியிருப்புகளில் 10 விழுக்காடு மாநிலத்தின் உதவி பெற்ற வீடுகளின் பட்டியலில் இடம்பெறவில்லை என்றால், தன் திட்டத்தில் 20 முதல் 25 விழுக்காடு வீடுகளைக் கட்டுப்படியாகும் விலையில் தர ஒப்புக்கொள்ளும் கட்டுமான நிறுவனம், ஊரின் மண்டல விதிகளைத் தாண்டிச் செல்ல ஒரே ஒரு முழு அனுமதியை ஊரின் மேல்முறையீட்டு வாரியத்திடம் கேட்கலாம். ஊர் மறுத்தால் மாநிலத்தின் வீட்டுவசதி மேல்முறையீட்டுக் குழுவிடம் போகலாம். எந்த மனையில், எத்தனை மாடி என்பதை இங்கே முதலில் முன்வைப்பவர் கட்டுமான நிறுவனத்தார். அதனால்தான் ஊர்களுக்கு இச்சட்டத்தின்மேல் இவ்வளவு கோபம். 2010இல் இதை நீக்கக் கோரி மாநிலம் முழுவதும் வாக்கெடுப்பு நடந்தது. வாக்காளர்கள் நீக்க மறுத்துவிட்டார்கள்.

40ஆர் என்பது 2004இல் வந்தது. 40பி கையில் பிரம்போடு நிற்கிறது என்றால், 40ஆர் கையில் பணத்தோடு வருகிறது. ஊர் தானே முன்வந்து, ரயில் அல்லது பேருந்து நிலையத்தின் அருகிலோ, ஏற்கெனவே கட்டடங்கள் நெருங்கியிருக்கும் கடைத்தெருவிலோ, மிகவும் பொருத்தமான வேறோர் இடத்திலோ, நெருக்கமான வீடுகளை உரிமைப்படி அனுமதிக்கும் ஒரு மண்டலத்தை வரைந்தால், மாநிலம் அதற்கு ஊக்கத்தொகை கொடுக்கும். இது பழைய மண்டலத்தை அழிப்பதில்லை. அதன்மேல் விரிக்கப்படும் இன்னொரு விரிப்பு. நிலத்தின் சொந்தக்காரர் பழைய விதிப்படியும் கட்டலாம், புதிய விதிப்படியும் கட்டலாம். யாருடைய நிலத்தையும் யாரும் எடுத்துக்கொள்வதில்லை. முதல் விசாரணையிலேயே இந்த ஐயம் எழும் என்பதால் இதை நினைவில் வைத்திருங்கள்.

3ஏ என்பது 2021 ஜனவரியில் ஆளுநர் சார்லி பேக்கர் கையெழுத்திட்ட சட்டத்தின் வழியே வந்த பிரிவு. பேச்சுவழக்கில் எம்பிடிஏ சமூகங்கள் சட்டம் என்பார்கள். எம்பிடிஏ எனப்படும் பாஸ்டன் வட்டாரப் போக்குவரத்தின் பயன் பெறும் 177 நகரங்களும் ஊர்களும், அடுக்குமாடி வீடுகளை உரிமைப்படி அனுமதிக்கும் ஒரு மண்டலமாவது வைத்திருக்கவேண்டும் என்று அது கட்டளையிடுகிறது. அடர்த்தி ஏக்கருக்குக் குறைந்தது 15 வீடுகள். இங்கே இரண்டு செய்திகள் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படுகின்றன. ஒன்று, இச்சட்டம் வீடு கட்டச் சொல்லவில்லை; கட்ட இடம் தரும் விதியை எழுதச் சொல்கிறது. மற்றொன்று, இது கட்டுப்படியாகும் வீடுகளைக் கட்டாயமாக்கவில்லை. 10 விழுக்காடு வரை அத்தகைய வீடுகள் வேண்டும் என்று ஊர் கேட்கலாம். அதற்கு மேல், 20 விழுக்காடு வரை, கேட்க வேண்டுமானால் அது திட்டங்களைக் கட்ட முடியாமல் ஆக்கிவிடாது என்று ஆய்வின் மூலம் காட்டவேண்டும். எனவே 3ஏ மண்டலம் வந்ததும் நடுத்தரக் குடும்பத்துக்கு வீடு கிடைத்துவிடும் என்று நம்புபவரும், ஏழைகளைக் கொண்டுவந்து நிரப்பப்போகிறார்கள் என்று அஞ்சுபவரும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள்.

3ஏயை மதிக்காத ஊர் சில மாநில மானியங்களை இழக்கும். பாஸ்டனின் தெற்கெல்லையில் உள்ள மில்டனில் இது நடந்தது. ஊர்க்கூட்டம் ஏற்ற மண்டலத்தை 2024 பிப்ரவரியில் ஊர்மக்களின் பொதுவாக்கெடுப்பு தள்ளிவிட்டது. சில நாட்களிலேயே கடற்சுவர்ப் பணிக்காக ஒதுக்கப்பட்டிருந்த 1,40,800 டாலர் மானியத்தை மாநிலம் திரும்பப் பெற்றுக்கொண்டது. தலைமை வழக்கறிஞர் ஆண்ட்ரியா கேம்ப்பெல் வழக்கும் தொடுத்தார். 2025 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றம், சட்டம் செல்லும், அதை வழக்கின் மூலம் நிறைவேற்றத் தலைமை வழக்கறிஞருக்கு அதிகாரம் உண்டு, ஆனால் அதை நிறைவேற்ற மாநிலம் வகுத்த வழிகாட்டு நெறிகள் உரிய முறையில் வெளியிடப்படாததால் அவை மட்டும் செல்லா என்று தீர்ப்பளித்தது. அடுத்த வாரமே அரசு அவசர விதிகளை வெளியிட்டது. ஆகவே, "அந்தச் சட்டத்தை நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது" என்று யாரேனும் சொன்னால் நம்பவேண்டாம்.

நான்காம் படி: பணத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள்

40ஆர் தரும் தொகை இரண்டு பகுதிகளாக வருகிறது. மண்டலம் வரைந்து மாநிலத்தின் இறுதி ஒப்புதல் பெற்றவுடன் வருவது முதல் பகுதி. பழைய விதிப்படி எத்தனை வீடுகள் கட்டமுடியும், புதிய விதிப்படி எத்தனை கட்டமுடியும் என்ற இரண்டின் வித்தியாசத்தைப் பொறுத்தது அது. வித்தியாசம் 20 வீடுகள் வரை என்றால் 10,000 டாலர். 21 முதல் 100 வரை 75,000. 101 முதல் 200 வரை 2,00,000. 201 முதல் 500 வரை 3,50,000. 501ம் அதற்கு மேலும் என்றால் 6,00,000 டாலர். இரண்டாம் பகுதி, அப்படிக் கூடுதலாகும் ஒவ்வொரு வீட்டிற்கும் கட்டட அனுமதி வழங்கப்படும்போது வரும் 3,000 டாலர்.

ஓர் எடுத்துக்காட்டு போட்டுப் பார்ப்போம். ரயில் நிலையம் அருகே சதுப்பு நிலம் முதலானவற்றைக் கழித்துக் கட்டத் தகுந்த 8 ஏக்கர் இருக்கிறது. பழைய விதிப்படி ஏக்கருக்கு ஒரு வீடு, ஆக 8 வீடுகள். அடுக்குமாடிக்கு 40ஆர் கேட்கும் குறைந்தபட்ச அடர்த்தி ஏக்கருக்கு 20 வீடுகள்; ஆக 160. வித்தியாசம் 152. முதல் தொகை 2,00,000 டாலர். அத்தனையும் கட்டப்பட்டால் இரண்டாம் தொகை 152 மடங்கு 3,000, அதாவது 4,56,000 டாலர். மொத்தம் 6,56,000. அடுக்குமாடி அல்லாமல் இரண்டு அல்லது மூன்று குடும்பங்கள் வாழும் வீடுகளென்றால் ஏக்கருக்கு 12, தனிவீடுகளென்றால் 8 என்பது குறைந்தபட்ச அடர்த்தி. அந்த எண்ணை வைத்துக் கணக்கைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்.

இந்தத் தொகையைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், இகழவும் வேண்டாம். இது ஒரே ஒருமுறை வருவது. பல கோடி டாலர் ஆண்டுச் செலவுள்ள ஓர் ஊருக்கு ஆறரை லட்சம் என்பது நடைபாதை போடவும், ஒரு சந்திப்பைச் சீர்செய்யவும், வடிகாலைப் பெரிதாக்கவும் உதவும். ஊரின் நிதிநிலையை மாற்றிவிடாது. கூட்டத்தில் ஆதரவாளர்கள் இந்தத் தொகையைத் திரையில் பெரிய எழுத்தில் போட்டுக் காட்டுவது தவறான உத்தி என்பது என் கருத்து. எதிர்ப்பவர் எழுந்து, "இந்தக் காசுக்கா ஊரை விற்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார், அதற்குப் பதில் இருக்காது. 40ஆரின் உண்மையான பயன் வேறு. இடத்தைத் தேர்ந்தெடுப்பது ஊர். கட்டடத்தின் முகப்பு, உயரம், மரங்கள், தெருவோடு அது சேரும் விதம் ஆகியவற்றுக்கான வடிவ விதிகளை முன்கூட்டியே எழுதுவது ஊர். அதன்வழி வரும் கட்டுப்படியாகும் வீடுகள் 40பியின் 10 விழுக்காட்டுக் கணக்கிலும் சேரும். கட்டுமான நிறுவனத்தின் திட்டத்துக்குப் பின்னால் ஓடுவதற்குப் பதிலாக ஊர் முன்னால் நடக்கலாம்.

பணத்திற்கு ஒரு கொக்கியும் உண்டு. தொகை பெற்ற மூன்று ஆண்டுகளுக்குள் அந்த மண்டலத்தில் கட்டுமானம் எதுவுமே தொடங்கவில்லை என்றால், மாநிலம் அதைத் திருப்பிக் கேட்கும். வெறும் காகிதத்தில் மண்டலம் வரைந்து காசு வாங்க நினைக்கும் ஊருக்கு இது கடிவாளம்.

ஐந்தாம் படி: பள்ளிக்கூடக் கேள்விக்குத் தயாராகுங்கள்

இந்த மாநிலத்துக்கு நம்மவர்கள் பலர் வருவதே பள்ளிகளுக்காக என்பதால் இந்தக் கேள்வி நமக்கும் உரியதுதான். 1980இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய இரண்டரை விழுக்காட்டு விதியின்படி, ஓர் ஊர் தன் மொத்தச் சொத்துவரி வசூலை ஆண்டுக்கு 2.5 விழுக்காட்டுக்கு மேல், மக்களின் தனி ஒப்புதல் இல்லாமல், உயர்த்த முடியாது. புதிய கட்டடங்களால் வரும் வரி மட்டும் அந்த உச்சவரம்புக்கு மேல் சேரும். புதிய வீடுகளில் வரும் குழந்தைகளின் செலவு புதிய வரியைவிட அதிகமாகிவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அச்சத்தின் வேர்.

அதற்கு விடையாகத்தான் 2005இல் 40எஸ் என்ற துணைச்சட்டம் வந்தது. 40ஆர் மண்டலத்தின் புதிய வீடுகளில் வாழும் மாணவர்களுக்கான செலவைக் கணக்கிட்டு, அந்த வீடுகள் தரும் வரியில் பள்ளிக்குச் சேரும் பங்கையும் மாநிலக் கல்வி உதவியில் ஏற்படும் உயர்வையும் கழித்து, பற்றாக்குறை இருந்தால் அதை மாநிலம் ஈடுகட்டலாம் என்கிறது அச்சட்டம். சட்டமன்றம் அதற்கு நிதி ஒதுக்கவேண்டும் என்பது நினைவிருக்கட்டும். நடைமுறையில், ரயிலடி அடுக்குமாடிகளில் ஒற்றை, இரட்டைப் படுக்கையறை வீடுகளே மிகுதி; தனிவீடுகளைவிட அவற்றிலிருந்து வரும் பள்ளிக் குழந்தைகள் குறைவு. உங்கள் ஊரில் ஏற்கெனவே உள்ள அடுக்குமாடிகளிலிருந்து எத்தனை மாணவர்கள் வருகிறார்கள் என்ற எண்ணைப் பள்ளி நிர்வாகத்திடம் கேட்டுப் பெற்றுக்கொண்டு கூட்டத்திற்குப் போவது, எந்த ஆலோசகரின் அறிக்கையைவிடவும் வலுவான சான்று.

ஆறாம் படி: வரைவின் சிறிய எழுத்துகளைப் படியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் உண்டு என்றால் இதைப் படியுங்கள். தலைப்பில் கொடுத்த அனுமதியை வரைவின் உட்பிரிவுகள் சத்தமில்லாமல் திரும்பப் பெற்றுக்கொள்ள முடியும். பலர் தலைப்பை மட்டுமே விவாதிக்கிறார்கள்.

முதலில் கார் நிறுத்துமிடம். ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் உள்ள வீட்டிற்கும் இரண்டு கார்களுக்கு இடம் வேண்டும் என்று எழுதினால், மனையின் பெரும்பகுதி தார்த்தளமாகிவிடும்; ஏக்கருக்கு 20 வீடுகள் என்பது காகிதத்தில் மட்டும் இருக்கும். அடுத்து உயரமும் எல்லை இடைவெளியும். சொல்லப்பட்ட அடர்த்தி, சொல்லப்பட்ட உயரத்திற்குள் அடங்குமா என்று ஒரு மனையை எடுத்து நீங்களே பென்சிலால் கணக்கிடலாம். கீழ்த்தளம் முழுவதும் கடைகளாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனை கேட்க அழகாக இருக்கும். கடைகளுக்கு ஆள் கிடைக்காத தெருவில் அதுவே திட்டத்தைக் கொன்றுவிடும்.

படுக்கையறைகளின் எண்ணிக்கைக்கும் குடியிருப்பவரின் வயதுக்கும் வரம்பு இருக்கிறதா என்று தேடுங்கள். மூன்று படுக்கையறை வீடுகள் கூடாது, 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்பன போன்ற வரிகளின் பொருள் ஒன்றுதான்: குழந்தைகள் உள்ள குடும்பம் வேண்டாம். 3ஏ மண்டலங்களில் வயதுவரம்புக்கு இடமே இல்லை; 40ஆரும் ஒரு மண்டலம் முழுவதையும் முதியோருக்கு என்று ஒதுக்க விடுவதில்லை. அதுபோலவே, 40ஆர் மண்டலத்துக்குள் இத்தனை அனுமதிகள்தான் ஓராண்டில் என்ற உச்சவரம்பையோ கட்டுமானத் தடையையோ ஊர் விதிக்கக் கூடாது.

கட்டுப்படியாகும் வீடு என்பதன் வரையறையைச் சொல்லுக்குச் சொல் படியுங்கள். 40ஆரின்படி மண்டலத்தின் வீடுகளில் குறைந்தது 20 விழுக்காடு, வட்டாரத்தின் நடுநிலை வருமானத்தில் 80 விழுக்காடு அல்லது அதற்குக் குறைவாக ஈட்டும் குடும்பங்களுக்கு, குறைந்தது 30 ஆண்டுகளுக்கு ஒதுக்கப்படவேண்டும். நம் எடுத்துக்காட்டின் 160 வீடுகளில் அது 32. பாஸ்டன் வட்டாரத்தில் நால்வர் குடும்பத்திற்கு அந்த 80 விழுக்காட்டு வரம்பு 2024இல் சுமார் 1,30,000 டாலராக இருந்தது. எண்ணைப் பார்த்துத் திகைக்கவேண்டாம்; ஆசிரியரும் செவிலியரும் பேருந்து ஓட்டுநரும், ஒற்றைச் சம்பளத்தில் வாழும் நம் குடும்பங்கள் சிலவும் இந்த வரம்புக்குள் வருகின்றன. 30 ஆண்டுகளுக்குப் பதில் நிரந்தரமாக என்று எழுதலாமே என்று கேட்பது நியாயமான திருத்தம். ஆனால் 20 விழுக்காட்டை 40 ஆக்குங்கள் என்று கேட்பவர் எப்போதும் ஏழைகளின் நண்பர் அல்லர். எவரும் கட்டமுடியாதபடி செய்துவிட்டால், 40 விழுக்காடு என்பது பூஜ்யத்தின் 40 விழுக்காடுதான்.

கடைசியாக, மண்டலத்தின் இடத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் நடந்து பாருங்கள். லாபத்தோடு நடக்கும் அலுவலகக் கட்டடமோ பத்தாண்டுக்கு முன் கட்டிய குடியிருப்போ அங்கே நின்றால், அதை இடித்து யாரும் புதிதாகக் கட்டப்போவதில்லை. 40ஆர் உண்மையில் வேலை செய்த இடங்கள் பெரும்பாலும் வேறு வகையானவை: ஹேவர்ஹிலில் காலணித் தொழில் நொடித்தபின் காலியாகக் கிடந்த ஆலைக் கட்டடங்கள், நார்தாம்ப்டனில் மூடப்பட்ட அரசு மனநல மருத்துவமனையின் நிலம், லின்ஃபீல்டில் கோல்ஃப் மைதானமாக இருந்த பரப்பு, ரெடிங்கில் ரயில் நிலையத்தை ஒட்டிய கடைத்தெரு. நிலத்திற்குச் சொந்தக்காரர் மாற்றத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கிறாரா என்பதே முதல் கேள்வி.

மறுபக்கமும் உண்டு. 3ஏயை முதன்முதலில் ஏற்ற ஊர்களில் ஒன்றான லெக்சிங்டன், 2023இல் தாராளமாகவே மண்டலங்களை வரைந்தது. எதிர்பார்த்ததைவிட வேகமாகத் திட்டங்கள் வந்து குவிந்ததால், 2025 மார்ச்சில் ஊர்க்கூட்டம் அந்தப் பரப்பைச் சுருக்கியது. விதியைச் சரியாக எழுதினால் வீடுகள் வரும் என்பதற்கு அதுவே சான்று. வரும்போது ஊர் பதறும் என்பதற்கும் அதுவே சான்று.

ஏழாம் படி: விசாரணைக்கும் கூட்டத்திற்கும் போங்கள்

மண்டல விதி மாறுவதற்கு முன் பிளானிங் போர்டு பொதுவிசாரணை நடத்தவேண்டும். அடுத்தடுத்த இரு வாரங்கள் செய்தித்தாளில் அறிவிப்பு வரவேண்டும். முதல் அறிவிப்பு விசாரணைக்கு 14 நாட்களுக்கு முன்பாவது வெளியாக வேண்டும். போர்டின் வழக்கமான கூட்டங்களுக்கான அறிவிப்போ, வார இறுதியும் விடுமுறையும் நீங்கலாக 48 மணி நேரத்திற்கு முன் வந்தால் போதும். ஆகவே ஊரின் மின்னஞ்சல் அறிவிப்புப் பட்டியலில் பெயரைப் பதிவு செய்துவைப்பது நல்லது.

பொதுவிசாரணையில் பேச வாக்காளராக இருக்கவேண்டியதில்லை, குடியுரிமையும் வேண்டியதில்லை. எச்1பி விசாவில் இருப்பவரும், பச்சை அட்டைக்காகக் காத்திருப்பவரும், பேரக்குழந்தையைப் பார்க்க வந்து தங்கியிருக்கும் தாத்தாவும்கூட எழுந்து பேசலாம். பெயரையும் தெருவையும் சொல்லிவிட்டு இரண்டு மூன்று நிமிடங்களில் முடித்துக்கொள்ளுங்கள். பொதுவான நல்லெண்ணத்தைவிட, "பிரிவு இன்னதில் கார் நிறுத்துமிடத்தை வீட்டிற்கு ஒன்றாகக் குறைக்கக் கேட்டுக்கொள்கிறேன்" என்ற ஒரு வாக்கியத்திற்கு மதிப்பு அதிகம். வரைவைத் திருத்தமுடிவது இந்தக் கட்டத்தில்தான். ஊர்க்கூட்டத்தின் மேடைக்கு வந்தபின் பெரிய மாற்றம் செய்வது கடினம். நான் முதன்முதலில் போன விசாரணையில் தயாரித்துச் சென்ற இரண்டு பக்கத்தை வாசிக்கத் தொடங்கி முதல் பக்கத்திலேயே மணியடிக்கப்பட்டு உட்கார்ந்தேன்; மீதியை எழுத்தில் கொடுத்தபோதுதான் அது கோப்பில் ஏறியது. எழுத்துமூலக் கருத்தையும் அனுப்பிவிடுங்கள்.

பிறகு வருவது வாரண்ட். பயப்படவேண்டாம், இது கைது ஆணை அன்று. ஊர்க்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலுக்கு இங்கே அதுதான் பெயர். ஆண்டுக் கூட்டத்திற்கு 7 நாட்களுக்கு முன்னும், சிறப்புக் கூட்டத்திற்கு 14 நாட்களுக்கு முன்னும் அது ஒட்டப்படவேண்டும். ஊர் நிர்வாகம் இந்தப் பொருளை எடுக்க மறுத்தால், பதிவு செய்த வாக்காளர்கள் 10 பேர் கையெழுத்திட்டு ஆண்டுக் கூட்டத்தின் வாரண்டில் ஒரு பொருளைச் சேர்க்கவைக்கலாம்.

முன்பு மண்டல மாற்றம் எதற்கும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டியிருந்தது. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதலானவர்கள் எதிர்த்தால் போதும், திட்டம் விழுந்துவிடும். 2021 ஜனவரியில் கையெழுத்தான சட்டத்திற்குப் பிறகு, 40ஆர் மண்டலம் உட்பட வீட்டுவசதி சார்ந்த சில மாற்றங்களுக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். இதன் பொருள், ஓய்வுபெற்றவர்கள் மட்டுமே நிறைந்திருக்கும் ஓர் அரங்கில் குழந்தைகளைக் கவனிக்க ஆள் ஏற்பாடு செய்துகொண்டு வரும் முப்பது இளம் குடும்பங்கள் முடிவை மாற்றிவிடக்கூடும். வாக்குரிமை இல்லாதவர் ஊர்க்கூட்டத்தில் தனி இருக்கையில் அமர்ந்து பார்க்கலாம்; கூட்டத்தின் அனுமதியோடு பேசவும் பல ஊர்களில் இடமுண்டு. தோற்றுவிட்டால், பிளானிங் போர்டு பரிந்துரைத்தால் ஒழிய அதே மாற்றத்தை இரண்டு ஆண்டுகளுக்குள் மறுபடி கொண்டுவர முடியாது. எனவே ஆதரவு போதாது என்று தெரிந்தால், பொருளைத் திரும்பப் பெற்று அடுத்த பருவத்திற்குத் தள்ளுவதே சில நேரங்களில் விவேகம்.

எட்டாம் படி: நிறைவேறிய பின்

ஊர்க்கூட்டம் ஏற்றபின் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் பைலாவைச் சரிபார்க்கும். 40ஆர் மண்டலமென்றால் மாநிலத்தின் வீட்டுவசதி மற்றும் வாழத்தகு சமூகங்கள் துறையின் இறுதி ஒப்புதலும் வேண்டும். வரைவு ஊர்க்கூட்டத்துக்கு வருமுன்பே அந்தத் துறையிடம் தகுதிக் கடிதம் பெற்றிருக்கவேண்டும் என்பதால், அந்தக் கடிதம் கையில் இருக்கிறதா என்று விசாரணையிலேயே கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் வாக்கு வென்றும் பணம் வராது. பின்னர்த் தனித்தனித் திட்டங்கள் வரும்போது, விதிகளைப் பின்பற்றும் திட்டத்தை ஊர் மறுக்கமுடியாது. வடிவத்தைப் பற்றியும் போக்குவரத்தைப் பற்றியும் மட்டுமே பேச இடமுண்டு.

வீடுகள் எழும்பியதும் கட்டுப்படியாகும் வீடுகள் குலுக்கல் முறையில் ஒதுக்கப்படும். அறிவிப்பு வெளியாகும் நாளுக்கும் விண்ணப்பத்தின் இறுதி நாளுக்கும் இடையே சில வாரங்களே இருக்கும். சம்பளச் சீட்டுகள், வரித் தாக்கல் நகல்கள், வங்கிக் கணக்கு அறிக்கைகள் ஆகியவற்றைக் கேட்பார்கள். ஊரில் ஏற்கெனவே வசிப்பவர்களுக்கும் வேலை செய்பவர்களுக்கும் முன்னுரிமை ஒதுக்கீடு வைக்கச் சில திட்டங்களுக்கு அனுமதி உண்டு. வாடகைக்கு இருப்பவரும் உள்ளூர்வாசிதான் என்பதால், உங்கள் வாடகை ஒப்பந்தத்தையும் உங்கள் பெயரில் வரும் மின்கட்டண ரசீதையும் பத்திரமாக எடுத்துவையுங்கள்.